மாம்பழக் கூழும் முனிரத்தினம் அண்ணனின் பிளாஸ்திரியும்

1. பாய்லர் கதவருகே

சீசன் மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை. பாய்லரில் பிரஷர் ஏற்றிவிட்டு கேஜ் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. திரும்பினால் முனிரத்தினம் அண்ணன். தலையில் வலைத் தொப்பி, உடம்பில் வெள்ளை கவுன், காலில் கம்பூட். அந்த உடுப்போடு கூழ் காய்ச்சும் ஹாலை விட்டு வெளியே வரக்கூடாது. அந்தச் சட்டம் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"ஏகாம்பரம், பிளாஸ்திரி எங்கியோ விழுந்துடுச்சுபா" என்றார்.

கவுன் கையை மேலே தள்ளி, முழங்கைக்கு மேலே காட்டினார். ஒரு சதுரம் மட்டும் தோல் வெளுத்திருந்தது. அங்கே ஒட்டியிருந்த பிளாஸ்திரியைக் காணோம்.

"எங்க விழுந்துச்சுண்ணே?"

"அது தெரிஞ்சா உங்கிட்ட ஏன் ஓடி வரன்? டீக்கு முன்ன கையில தட்டுப்பட்டுச்சு. அப்பறம் கெட்டில் மேல குனிஞ்சிக்கினு இருந்தன். இப்ப தடவிப் பாத்தா இல்ல."



பிள்ளைகளே, நான் வேலை பார்ப்பது சித்தூருக்கு வெளியே இருக்கும் ஒரு மாம்பழக் கூழ் ஆலையில். தோத்தாபுரி மாங்காய் லாரி லாரியாக யார்டில் வந்து இறங்கும். பழுக்க வைத்து, கழுவி, பல்ப்பர் மெஷினில் கொட்டையும் தோலும் போக அரைத்து, பெரிய எவர்சில்வர் கெட்டிலில் சூடாக்கி, பையில் அடைத்து, டிரம்மில் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அந்தச் சூட்டுக்கு நீராவி கொடுப்பது என் பாய்லர். கெட்டில் அருகே நிற்கிறவர் முனிரத்தினம் அண்ணன். அந்தக் கூழில் ஒரு தலைமுடி விழுந்தாலும் அந்த முறை காய்ச்சிய லாட் முழுவதும் போச்சு. ஒரு பிளாஸ்திரி விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அது சாதாரண பிளாஸ்திரியும் இல்லை. பீடியை விடுவதற்காக டாக்டர் கொடுத்த நிகோடின் பிளாஸ்திரி. அவர் அதை ஒட்டியிருந்தது அந்த ஆலையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

2. காணிப்பாக்கத்தில் செய்த சத்தியம்

முனிரத்தினம் அண்ணனும் நானும் நகரி பக்கத்து ஆட்கள். சீசன் வந்தால் ஆலைக்குப் பக்கத்திலேயே ஒரே வீட்டில் ஆளுக்கு ஒரு அறை எடுத்து, குடும்பத்தோடு வந்து தங்கிவிடுவோம். அவருக்கு கெட்டிலில் இரண்டு வேலை. கூழ் அடிபிடிக்காமல் பார்ப்பது ஒன்று. ஒவ்வொரு லாட்டிலும் ஒரு ஸ்பூன் எடுத்து ருசி பார்ப்பது இன்னொன்று. இனிப்பையும் புளிப்பையும் லேபில் மெஷின் அளந்துவிடும். ஆனால் லேசான தீய்ந்த வாசனையோ, பழம் அழுகிய வாசனையோ இருந்தால் நாக்குதான் முதலில் சொல்லும்.

அவருக்கு பீடி என்றால் உயிர். ஹாலில் குடிக்க முடியாது. அதனால் கேட்டுக்கு வெளியே போய்க் குடித்துவிட்டு, கை கழுவி, கவுன் மாற்றி, மறுபடி உள்ளே போவார். பாதி நாள் கவுன் மாற்றுவதிலேயே போகிறது என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

இந்த சீசன் தொடங்கும் முன் மேனேஜர் சார் எல்லாரையும் கூப்பிட்டார். போன முறை அனுப்பிய சரக்கில் ஏதோ புகையிலை வாடை இருப்பதாக வாங்குகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் சட்டம் வந்துவிட்டது. பீடி, சிகரெட் வாசனையோடு யாரும் ஹாலுக்குள் கால் வைக்கக் கூடாது. விட முடியாதவர்கள் யார்டுக்குப் போய் லாரி இறக்க வேண்டும்.

அண்ணனுக்கு இடுப்பு வலி உண்டு. மாங்காய்க் கிரேட் பெட்டியைத் தூக்கினால் மறுநாள் எழுந்திருக்க மாட்டார். அதைவிட, கெட்டில் அவருக்கு வீடு மாதிரி. அதை விட்டுப் போவதென்றால் பாதி ஆள் செத்த மாதிரி.

அண்ணி அவரை காணிப்பாக்கத்துக்கு இழுத்துப் போனார். நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும், அந்த விநாயகர் முன்னால் பொய்ச் சத்தியம் யாரும் செய்ய மாட்டார்கள். குளத்தில் முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு நின்று, "இனிமே புகையிலையைத் தொட மாட்டேன்" என்று சத்தியம் செய்தார். அண்ணி அழுதார். இவரும் அழுதார். பஸ்ஸில் வரும்போதே கை சட்டைப் பையைத் தடவியதாம்.

சத்தியத்தை மீறவில்லை. ஆனால் பிறகு வந்த நாட்களில் அவரோடு பேசவே முடியவில்லை. கை நடுங்கும். சின்ன விஷயத்துக்குச் சீறுவார். கூழில் உப்பு ருசி இருக்கிறது என்று ஒரு நாள் சண்டை போட்டார். மாம்பழக் கூழில் ஏது உப்பு? அவருடைய கண்ணீர்தான் அது என்று நான் சொல்ல, அடிக்க வந்துவிட்டார்.

3. சூயிங்கம்மை மென்ற விதம்

நான்தான் அவரை சித்தூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். டாக்டர் நிறையக் கேட்டார். காலையில் எழுந்ததும் எவ்வளவு நேரத்தில் முதல் பீடி, நெஞ்சு வலி ஏதாவது உண்டா, வேறு மாத்திரை சாப்பிடுகிறாரா என்றெல்லாம். பிறகு நிகோடின் சூயிங்கம் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் அண்ணனுக்கு விக்கல். டீக்கடையில் நின்று விக்கிக்கொண்டே இருந்தார்.

"இன்னாண்ணே, யாரு நெனைக்கிறாங்க?"

"பீடிதான் நெனைக்குது. அந்த சூயிங்கம்மை வாயில போட்டு நல்லா மென்னு துன்னன். காரமா தொண்டையில எறங்குச்சு. அதுல இருந்து இப்பிடித்தான்."

மருந்துக் கடைக்காரரிடம் போய்ச் சொன்னோம். அவர் சிரித்தார். "அது திங்கிற பண்டம் இல்லீங்க. மெதுவா மெல்லணும். நாக்குல சுருசுருன்னு வந்ததும் நிறுத்திட்டு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வெக்கணும். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி மெல்லணும். எச்சியோட முழுங்கினா வயித்துக்குப் போய் விக்கல் வரும். அப்புறம், மெல்லுறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் காபி, ஜூஸ், புளிப்பு எதுவும் கூடாது. வாய் புளிப்பா இருந்தா மருந்து உள்ள ஏறாது."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இவர் வேலையே நாள் முழுக்க ஸ்பூன் ஸ்பூனாகக் கூழை நாக்கில் வைப்பது. தோத்தாபுரிக்கு உள்ளே எப்போதும் ஒரு புளிப்பு இருக்கும். அதோடு ஹாலுக்குள் எதையும் மெல்லவும் கூடாது. ஆக, இந்த மருந்து அவருக்கு வீட்டில் மட்டும் வேலை செய்யும். ஆலையில் செய்யாது.

டாக்டரிடம் திரும்பப் போனோம். அவர் யோசித்துவிட்டு பிளாஸ்திரிக்கு மாற்றினார். காலையில் ஒன்று ஒட்டினால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோல் வழியாக உள்ளே போகும். சுத்தமான, ஈரமில்லாத, முடி இல்லாத இடத்தில் ஒட்ட வேண்டும். தினமும் இடம் மாற்ற வேண்டும். அது ஒட்டியிருக்கும்போது பீடி குடிக்கக் கூடாது. போகப் போகச் சின்ன அளவுக்கு மாற்றி, கடைசியில் நிறுத்திவிடலாம்.

வெளியே வந்ததும் அண்ணன் அட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏகாம்பரம், நிகோடின்னா புகையிலையில கீறதுதான?"

"ஆமாண்ணே. ஆனா புகை இல்ல, தார் இல்லன்னு டாக்டர் சொன்னாரே. ஒடம்பு கேக்கறத மட்டும் கொஞ்சமா குடுத்து, கொஞ்சமா கொறைக்கறது."

"நான் சாமி முன்ன புகையிலையைத் தொட மாட்டன்னு சொன்னன். இப்ப அத கையில ஒட்டிக்கினு திரியப் போறன். இது சாமியை ஏமாத்தற மாதிரி இல்ல?"

நான் படித்தது ஏழாவது வரைதான். டாக்டரிடம் கேட்கலாம் என்றால் அண்ணன் வேண்டாம் என்றார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். ஒட்டிக்கொள்வார், ஆனால் யாரிடமும் சொல்லமாட்டார். அண்ணியிடம்கூட. எனக்கும் வாய்ப்பூட்டு.

பிளாஸ்திரி நன்றாகவே வேலை செய்தது. கை நடுக்கம் நின்றது. பழையபடி சிரித்தார். கேட்டில் தினமும் லேப் மேடம் கேட்பார்: "காயம் ஏதாவது? புண்? கட்டு?" இவர் இல்லை என்பார். காயம் இல்லை, புண் இல்லை, கட்டும் இல்லை. அதனால் பொய் சொல்லவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

4. பாய்லர் அறையில் பேசியது

அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். ஏன் விழுந்தது என்று பேசும்போதுதான் தெரிந்தது. சனிக்கிழமை ஆயிற்றே, விடிகாலையில் நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்திருக்கிறார். சீயக்காய் போட்டும் எண்ணெய்ப் பசை போகவில்லை. அதன் மேல் ஒட்டியிருக்கிறார். கெட்டில் சூட்டில் வேர்வையும் சேர, கழன்றுவிட்டது.

"பில்டர்ல மாட்டிக்குமாண்ணே?"

"மாட்டலாம். கிழிஞ்சி ஒரு துண்டு உள்ள போனா? அந்த டிரம்மை எவனோ ஒருத்தன் ஒடச்சி கொழந்தைக்கு ஜூஸ் போடுவான்பா."

அவர் சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும், ஆனால் நான் சொல்ல மாட்டேன் என்று அவருக்கும் தெரியும். சொன்னால் கெட்டில் போகும், யார்டுதான். அண்ணிக்குத் தெரியும். சத்தியத்துக்குள் ஓட்டை போட்டதாக ஊரே பேசும்.

கவுன் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "நீயும் கூட வாபா. தனியா போனா பாதி வழியில திரும்பிடுவன்" என்றார்.

பாய்லரைக் கூட இருந்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டு அவரோடு நடந்தேன்.

5. காந்தம்மா அக்காவின் முட்டி

லேப் மேடம் பெயர் ஹரிதா. திருப்பதிப் பொண்ணு, தெலுங்குக்காரர். எங்களோடு பழகித் தமிழ் பேசுவார். அண்ணன் சொல்லி முடித்ததும் அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "லைன் ஆபு!" என்று கத்தினார். ஆபு என்றால் நிறுத்து. பல்ப்பர் நின்றது. அவ்வளவு பெரிய ஹாலில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

காலையிலிருந்து அடைத்த டிரம் எல்லாவற்றிலும் வெளியே அனுப்பாமல் நிறுத்தி வைக்கச் சொல்லும் சிவப்பு ஹோல்ட் சீட்டு ஒட்டினார்கள். பில்டரைக் கழற்றினார்கள். அதில் நார்தான் இருந்தது. கெட்டிலில் இருந்த கூழை வலை வைத்து வடித்தார்கள். கிடைக்கவில்லை.

மேனேஜர் சார் வந்தார். வேகமாக வந்தவர் அண்ணனைப் பார்த்ததும் நின்றார்.

"ஏமய்யா முனிரத்னம், நுவ்வு கூடானா? நீயுமா? மத்தவன் செஞ்சான்னா நம்புவேன். நீ எப்படி?"

"தப்புதான் சார்."

"காலைல கேட்டாங்களே, ஏன் சொல்லல?"

அண்ணன் எல்லார் முன்னாலும் காணிப்பாக்கம் கதையைச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

ஹரிதா மேடம் மட்டும் யோசித்துக்கொண்டிருந்தார். "அண்ணா, டீ டைம்ல கவுன் மாத்தினீங்க இல்ல? அந்த கவுன் எங்க?"

கவுன்கள் துவைக்கிற அறையில். அங்கே ஓடினோம். மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. நிறுத்தி, ஈரக் கவுன்களை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தோம். இல்லை. அப்போதுதான் துவைக்கிற காந்தம்மா அக்காவைக் காணோம் என்று கவனித்தோம்.

பின்பக்கம் பெஞ்சில் சுருண்டு படுத்திருந்தார். முகமெல்லாம் வேர்வை. பக்கத்தில் ஒரு பக்கெட்.

"இன்னாக்கா ஆச்சு?"

"தெரியல நைனா. தல சுத்துது. ரெண்டு வாட்டி வாந்தி எடுத்துட்டன். காலையில துன்ன இட்லி சேரல போலக்கீது."

ஹரிதா மேடம் நாடி பிடித்துப் பார்க்கக் குனிந்தார். அக்காவின் புடவை முட்டி வரை ஏறியிருந்தது. முட்டியில் ஒரு துணிக் கட்டு. கட்டின் ஓரத்தில் தோல் நிறத்தில் ஒரு சதுர முனை எட்டிப் பார்த்தது.

"அக்கா, இது என்ன?"

"அதுவா? கவுன் கையில ஒட்டிக்கினு இருந்திச்சுமா. வலி பிளாஸ்திரி. புச்சாட்டம் கீது, குப்பையில போட மனசு வரல. எனக்குத்தான் முட்டி வலி கீதே, வெச்சி கட்டிக்கினன். வலி போவலமா, தலதான் சுத்துது."

"அய்யோ, அது என்னோடதுக்கா!" என்றார் அண்ணன்.

மேடம் சட்டென்று அதை உரித்தார். அந்த இடத்தை வெறும் தண்ணீரால் கழுவச் சொன்னார். சோப்பு வேண்டாம், சோப்பு போட்டால் இன்னும் உள்ளே இழுக்கும் என்றார். டாக்டருக்குப் போன் போட்டார். புகையிலைப் பழக்கமே இல்லாத உடம்பில் அவ்வளவு மருந்து ஏறினால் இப்படித்தான் ஆகும் என்றாராம் டாக்டர். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்ப் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் அக்கா சரியாகிவிட்டார்.

போவதற்கு முன், நடந்ததையும் சத்தியத்தையும் அண்ணன் வாயால் கேட்டுவிட்டு, படுத்தபடியே அவர் அண்ணனிடம் சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை.

"ஏன்பா முனிரத்தினம், பீடி குடிச்சியா?"

"இல்லக்கா."

"குடிக்கறதுக்கு ஆச வந்துச்சா?"

"அதுக்குத்தான் அந்த பிளாஸ்திரி."

"அப்பறம் இன்னாடா? சத்தியத்த காப்பாத்தறதுக்கு மருந்து போட்டுக்கினா சாமி கோச்சிக்குமா? சொரம் வந்தா ஊசி போட்டுக்கல? போ, போய் உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு. இனிமே கண்ட எடத்துல உட்டுட்டு வந்து என் உசுர வாங்காத."

பிளாஸ்திரி முழுசாக இருந்தது. ஒரு மூலைகூடக் கிழியவில்லை. ஹோல்ட் சீட்டை எல்லாம் எடுத்தார்கள். லைன் ஓடியது.

6. யார்டில் ஒரு வாரம்

சரக்கு தப்பித்தது. ஆனால் மேனேஜர் சார் சட்டத்தை விடவில்லை. "நீயா வந்து சொன்னே. அதுக்காக வேலையை விட்டு அனுப்பல. ஆனா சொல்லாம ஒட்டிக்கிட்டு உள்ள போனே. ஒரு வாரம் யார்டு. தூக்க வேண்டாம், லோடு எண்ணு. அதுக்கப்புறம் பாக்கலாம்."

அது நியாயம்தான். ஆனால் யார்டு என்பது லாரிக்காரர்களும் லோடு ஆட்களும் நாள் முழுக்கப் பீடி குடிக்கிற இடம். பீடியை விட்ட ஆளை அங்கே நிறுத்தினால் என்ன ஆகும் என்று நினைத்து எனக்குத் தூக்கம் போனது. பீடி வாசனையோடு திரும்பி வந்தால் கெட்டில் நிரந்தரமாகப் போய்விடும்.

அண்ணியிடம் அன்றே சொல்லிவிட்டார். அண்ணி திட்டினாராம், எதுக்கு மறைச்சே என்று. மறுநாள் காலையிலிருந்து பிளாஸ்திரி ஒட்டும் வேலையை அண்ணியே எடுத்துக்கொண்டார். எண்ணெய் இல்லாமல் துடைத்து, தோள்பட்டைக்குப் பின்னால் தினம் ஒரு இடமாக ஒட்டி, உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பார். கழற்றிய பழையதை ஒட்டுப் பக்கம் உள்ளே இருக்கிற மாதிரி மடித்து, பிள்ளைகள் கைக்கு எட்டாத குப்பையில் போடுவார்.

யார்டில் இரண்டாவது நாள் டீ வேளையில் பாய்லர் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அண்ணன் ஒரு லாரி நிழலில் உட்கார்ந்திருந்தார். விரல் நடுவில் பீடி.

ஓடினேன். பக்கத்தில் போனதும்தான் தெரிந்தது, பற்ற வைக்கவில்லை.

"லாரிக்காரன் குடுத்தான்" என்றார். "வாங்கினன். பத்த வைக்க ஆசையில்லபா. சாமி சத்தியமா இல்ல. பிளாஸ்திரி அந்த வேலைய செய்யுது. ஆனா இந்தக் கைய இன்னா செய்யறது? டீ வந்தா கை தானா எதையோ தேடுது. கைக்கு ஒட்டறதுக்கு ஒரு பிளாஸ்திரி இல்லியே."

அதை நான் யோசித்ததே இல்லை. மருந்து உடம்பைப் பார்த்துக்கொள்ளும். இத்தனை வருஷம் பீடி பிடித்த கையை யார் பார்த்துக்கொள்வது?

அந்த பீடியை வாங்கி லாரிக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். ரோட்டோரம் தள்ளுவண்டியில் போய் வேர்க்கடலை வாங்கி வந்தேன், தோலோடு வறுத்தது. அவர் மடியில் கொட்டினேன்.

"இது எதுக்குபா?"

"ஒடைண்ணே. ரெண்டு கையும் வேணும் அதுக்கு."

உடைக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றாக உடைத்து, உள்தோலை ஊதி, பருப்பை எனக்குக் கொடுத்தார். நான் தின்றேன். அவர் ஒன்றுகூட வாயில் போடவில்லை. உடைப்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

அந்த வாரம் முழுக்க டீ வேளையில் நான் யார்டுக்குப் போனேன். என்னால் முடியாத நாளில் காந்தம்மா அக்கா போய் உட்கார்ந்தார். "எனக்குப் பல்லு இல்லடா, நல்லா பொடிச்சிக் குடு" என்று அதிகாரம் வேறு. லோடு ஆட்கள் முதலில் கேலி செய்தார்கள்: "இன்னாண்ணே, பீடிய உட்டுட்டு மல்லாட்ட வியாபாரமா?" பிறகு அவர்களும் கை நீட்டினார்கள்.

வாரம் முடிந்தது. ஹரிதா மேடம் கேட்டில் அவரை நிறுத்தி, கையை, சட்டையை, வாயை எல்லாம் மோந்து பார்த்தார். தோளில் இருந்த பிளாஸ்திரியின் மேல் நீல நிறத்தில் பெரிய ஒட்டு ஒன்றைப் போட்டு நான்கு பக்கமும் அழுத்தினார். நீலம் கூழில் விழுந்தால் உடனே கண்ணில் படும். "தினமும் இங்க நின்னு காட்டிட்டுத்தான் உள்ள போணும் அண்ணா" என்றார். அண்ணன் கெட்டில் அருகே போய் நின்று முதல் ஸ்பூனை நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். "இன்னாபா இது, மாம்பழம் இவ்ளோ வாசனையா கீது!" என்று டீ வேளையில் என்னிடம் வந்து சொன்னார், புதிதாகக் கண்டுபிடித்தவர் மாதிரி.

சீசன் முடிவதற்குள் டாக்டர் சின்ன பிளாஸ்திரிக்கு மாற்றினார். பிறகு அதையும் நிறுத்தினார். அண்ணன் பீடியைத் தொடவில்லை.

பிள்ளைகளே, இதிலிருந்து நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கெட்ட பழக்கத்தை விடுவதற்கு மருந்து எடுப்பதில் வெட்கம் இல்லை. ஆனால் டாக்டர் சொன்னபடி எடுக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மற்றவர் மருந்தை நாம் தொடக் கூடாது. உங்கள் வீட்டில் யாராவது பீடியையோ சிகரெட்டையோ விடப் பார்த்தால், "இன்னும் விடலையா?" என்று கேட்காதீர்கள். டீ குடிக்கும் நேரத்தில் போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள். அவர் உடைத்துக் கொடுப்பதை நீங்கள் தின்றால் போதும்.